இறந்தவர் பெயரில் ஓர் ஈசுவரம்

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் நாடு என்றே வழங்குகின்றன. ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று நீளும் வரிசையில் வாழவந்தி நாடும் ஒன்று. கிறித்தவ ஊழியராக இந்த மலைக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் அங்கேதான் அடுத்தடுத்து அடக்கமாகியிருக்கிறார்கள். மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி 1929 ஜூன் 15 அன்று இறந்தார். எவலின் இறந்தது 1974 டிசம்பர் 18 அன்று. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் இங்கிலாந்துக்குத் திரும்பாமல், மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாகச் சுற்றி வைத்தியம் பார்த்தவர் அவர். 95 வயதில் கண்மூடியபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே உடலைப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் இட்டார்கள்.

பிராண்டு குடும்பத்துக்குக் கட்டட வேலை புதிதல்ல. ஜெஸ்ஸி மலைமேல் தானே வீடு கட்டிக்கொண்டவர். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய மகன் பால் பிராண்டு, மருத்துவம் படிக்கப் போவதற்கு முன் 5 ஆண்டுகள் தச்சும் கொத்தும் பழகியவர். ஆனாலும் கல்லறை மேல் சிற்றாலயம் எழுப்புவது அவர்கள் சபையின் வழக்கமல்ல. அவர்கள் கண்டிப்பான பாப்டிஸ்டுகள். இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் செய்யும் வேண்டுதல் எதையும் மாற்றாது, ஒரு நிலம் இன்னொரு நிலத்தைவிடப் புனிதமானதும் அல்ல என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் கல்லறைக் கட்டடத்தால் ஆக வேண்டிய காரியம் எதுவுமில்லை.

அவர்கள் புறப்பட்டு வந்த இங்கிலாந்தில், இறந்தவருக்குக் கட்டடம் வேண்டுமா என்ற கேள்விக்குக் கட்டடக்கலை வேறொரு விடை கண்டிருந்தது. ஊருக்குள்ளிருந்த தேவாலயத் தோட்டங்களில் புதைக்க இடமில்லாமல் போக, 1850களில் வந்த சட்டங்களின் பலனாக ஊருக்கு வெளியே பொதுக் கல்லறைத் தோட்டங்கள் உருவாயின. ஆங்கிலிக்க சபையார் தங்கள் பகுதியை ஆயரைக் கொண்டு அபிஷேகம் செய்துகொண்டார்கள்; மற்றச் சபையார் அதை ஏற்கவில்லை. ஆகவே பல தோட்டங்களில் இரண்டு சிற்றாலயங்கள் கட்டப்பட்டன. அச்சில் வார்த்தது போன்ற இரட்டைகள், நடுவில் ஒரு வளைவு, வளைவின் மேல் கூர்கோபுரம். சவ வண்டி வளைவுக்கு அடியில் வந்து நிற்கும். இறந்தவர் எந்தச் சபையாரோ அந்தப் பக்கக் கதவு திறக்கும். லண்டனின் ஆப்னி பார்க் கல்லறைத் தோட்டம் 1840இல் திறக்கப்பட்டபோது வில்லியம் ஹாஸ்கிங் அங்கே கட்டிய ஆலயம் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தச் சபைக்கும் தனியுரிமை இல்லாத அதன் தரைப்படம், நான்கு கைகளும் சம நீளமுள்ள சிலுவை. ஞாயிறு வழிபாட்டுக்காக எழுந்த கட்டடங்கள் அல்ல இவை. வீட்டுக்கும் குழிக்கும் நடுவே உடல் அரைமணி நேரம் தங்குவதற்காகக் கட்டப்பட்டவை. பார்த்த மாத்திரத்தில் அது தெரியவும் செய்யும்.

மேற்கத்தியக் கல்லறைக் கலை சாவை மறைக்க முயன்றதே இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. உள்ளே போகிறவனுக்கு, எங்கே வந்திருக்கிறான் என்பதில் ஐயம் எழவே வழியில்லை.

தமிழ்நாட்டு அரச குடும்பங்கள் இறந்தவருக்காக எழுப்பிய சிறு கோயில்கள், அதாவது பள்ளிப்படைகள், இதற்கு நேர் மாறானவை. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் சாவின் தடயம் ஒன்றும் அகப்படாது. மற்றச் சிவன் கோயில்களில் உள்ள அதே தாங்குதளம், அதே சுவர், அதே விமானம், அதே லிங்கம். அது யாருக்காக எழுந்தது என்பதைச் சொல்வது கல்லில் வெட்டிய எழுத்து மட்டுமே. சாவை அறிவிக்கும் வேலையைச் சிற்பியிடமிருந்து வாங்கி எழுத்து வெட்டுபவனிடம் கொடுத்திருக்கிறார்கள். இது தற்செயல் அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு என்பது என் கருத்து.

மேற்பாடியைப் பார்ப்போம். வேலூர்ப் பக்கம் பொன்னையாற்றங்கரையில் உள்ள ஊர். ராஜராஜன் காலத்தில் ராஜாச்ரயபுரம் என்று இன்னொரு பெயரும் இதற்கு உண்டு. இங்கே இரண்டு சோழர் கோயில்கள் இருக்கின்றன. பெரியது சோமநாதீசுவரர் கோயில். இன்று சோழீசுவரர் கோயில் என்று வழங்கும் சிறியதுதான் பள்ளிப்படை. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது ஏறக்குறைய 1014ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஆற்றூர்த் துஞ்சின தேவர்க்குப் பள்ளிப்படையாக ராஜராஜன் எடுப்பித்த அறிஞ்சீசுவரம் இது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்பவர் அரிஞ்சயன், ராஜராஜனின் பாட்டன்.

கல்வெட்டு எங்கும் இறந்தார் என்ற சொல் இல்லை. துஞ்சினார் என்றுதான் வரும். அதுவும் துஞ்சிய இடத்தைச் சேர்த்தே வரும். குராப்பள்ளி, குளமுற்றம், சித்திரமாடம் என்று சங்ககாலத்து அரசர் பெயர்களுக்கு முன்னால் அவர்கள் உயிர்விட்ட இடம் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த சோழர்களும் அதே முறையில் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று சுந்தர சோழனையும், ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்று அவன் தந்தையையும் குறித்தார்கள். 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே மாண்ட ராஜாதித்தன் ஆனைமேல் துஞ்சினார் ஆனான். பிறந்த ஊரை எவரும் நினைவில் வைக்கவில்லை. உயிர் பிரிந்த இடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படிப் பெயரோடு ஒட்டிய இடத்துக்குப் பிறகு ஒரு கட்டடமும் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அரிஞ்சயன் இறந்தது 957ஐ ஒட்டி. கோயிலைச் சொல்லும் கல்வெட்டு 1014. மகன் சுந்தர சோழன் கட்டவில்லை, பேரன் கட்டினான். இந்த இடைவெளிக்குக் காரணம் தேடினால் அது தொண்டை மண்டல வரலாற்றில் கிடைக்கிறது. தக்கோலத் தோல்விக்குப் பிறகு அந்தப் பகுதி ராஷ்டிரகூடர் கைக்குப் போய், மெல்ல மெல்லத்தான் சோழரிடம் திரும்பியது. இழந்து மீட்ட எல்லையில், அங்கே துஞ்சியதாகக் கருதப்படும் பாட்டனுக்குக் கோயில் எடுப்பது துக்கம் மட்டுமல்ல, உரிமைப் பத்திரமும்கூட. காளத்திக்கு அருகே தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்தனுக்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் எடுத்த ஆதித்தேசுவரமும் அதே வட எல்லையில்தான் இருக்கிறது. அரசன் மாண்ட மண் அரச குலத்தின் மண் என்ற எண்ணம் இரண்டிலும் அடியோட்டமாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். ஒற்றைத் தள விமானத்தை நம் சிற்ப நூல்கள் ஆறு உறுப்புகளாகப் பிரிக்கின்றன. கீழிருந்து மேலாகத் தாங்குதளம், சுவர் அல்லது கால், கூரைப் பகுதியான பிரஸ்தரம், கழுத்தாகிய கிரீவம், தலையாகிய சிகரம், உச்சியில் குடமாகிய ஸ்தூபி. கால், கழுத்து, தலை என்று கட்டடத்துக்கே உடல் இருக்கிறது. அந்த உடலுக்குள் இருக்கும் இருண்ட சதுர அறையைக் கருவறை என்கிறோம். கோயில் எழுப்பும்போது கர்ப்பந்யாசம் என்றொரு சடங்கு உண்டு. தானியம், உலோகம், மணி, பல இடத்து மண் இவற்றை அறை அறையாகப் பகுத்த பேழையில் இட்டு, இரவு நேரத்தில், கருவறை வாயிலை ஒட்டி அடித்தளத்துக்குள் வைத்து மூடுவார்கள். அதுதான் கோயிலின் கரு. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிப்படைக்கென்று தனி வடிவம் எதையும் சிற்பி கண்டுபிடிக்காததன் காரணம் விளங்குகிறது. எந்தக் கோயிலின் அடியிலும் ஏற்கனவே ஒன்று புதைந்திருக்கிறது. அது முளைத்து மேலே உடலாக எழுகிறது என்பதே கோயில் பற்றிய எண்ணம். இறந்தவரைச் சேர்த்துக்கொள்ள அந்த வடிவத்தில் இடம் முன்பே இருந்தது.

வழிபாடு நடக்கும் கருவறையைத் தோண்டிப் பார்ப்பது நம் வழக்கமல்ல. தோண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துக் கட்டிய மேற்பாடிக் கோயிலில் கவனிக்க வேண்டியது எலும்பு அல்ல, பெயர். அரிஞ்சயன் மறைந்து அறிஞ்சீசுவரம் வந்தது. ஆதித்தன் ஆதித்தேசுவரம் ஆனான். பழையாறைப் பகுதியில், இன்று பட்டீசுவரத்துக்கு அருகே ராமநாதன் கோயில் என்று வழங்கும் இடத்தில், ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவி பஞ்சவன்மாதேவீசுவரம் ஆனார். அதைச் சொல்லும் கல்வெட்டு முதலாம் ராஜேந்திரனின் 7ஆம் ஆண்டு, அதாவது 1019ஐ ஒட்டியது. ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன்மாதேவி. பஞ்சவன்மாதேவி அவனுக்குச் சிற்றன்னை முறை. இந்த உறவைச் சுற்றி நாவல்கள் நிறையச் சொல்லியிருக்கின்றன. கல்வெட்டில் உணர்ச்சி எதுவும் இல்லை; கோயிலின் பெயரும் அதன் வழிபாட்டுக்கான ஏற்பாடும் மட்டுமே உண்டு. அந்த வறண்ட ஏற்பாட்டில்தான் அக்கறை தெரிகிறது என்பேன்.

பெயரோடு ஈசுவரம் சேர்ந்தவுடன் வழிபாட்டின் இலக்கணமே மாறிவிடுகிறது. இறந்தவருக்காகச் சிவனிடம் வேண்டுவது என்ற நிலை போய், இறந்தவர் பெயராலேயே சிவனை அழைப்பது என்றாகிறது. நைவேத்தியம், அபிஷேகம், விளக்கு எல்லாம் லிங்கத்துக்குத்தான். ஆனால் ஒவ்வொரு பூசையிலும் ஒலிப்பது அரசன் பெயர். கம்போடியாவில் இதே முறை இன்னும் விரிவாக நடந்தது. முதலாம் இந்திரவர்மன் 879இல் எழுப்பிய பிரீயா கோவின் ஆறு கோபுரங்களும் அவன் முன்னோருக்கும் அவர்தம் தேவியருக்கும் உரியவை. உள்ளிருக்கும் தெய்வங்கள் அந்த முன்னோரின் பெயர் சூடியவை. அங்கோர்க் கோயில்கள் கடவுளுக்கானவையா, இறந்த அரசருக்கானவையா என்று ஜார்ஜ் செடேஸ் போன்ற அறிஞர்கள் நெடுநாள் ஆராய்ந்தார்கள். அறிஞ்சீசுவரத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்கவே முடியாது.

ஆனால் கணவன் நினைவாக எழுந்த கோயில் எல்லாம் பள்ளிப்படை ஆகிவிடாது. சோழ அரசி செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் கோனேரிராஜபுரத்தில் கற்றளி எடுத்தார். அங்கே கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பமே சுவரில் இருக்கிறது. அருகில் விளக்கும் வாசகமும் உண்டு. ஆனால் அது திருநல்லம் என்னும் பாடல் பெற்ற பழைய தலம். அங்கே இறந்தவர் அடியாராக வெளியே நிற்கிறார். பள்ளிப்படையில் தெய்வத்தின் பெயருக்குள் போய்விடுகிறார். உருவம் தேவைப்படாததற்கும் அதுவே காரணம்.

கோயிலை நடத்தியவர்களும் கவனத்துக்குரியவர்கள். மேற்பாடியில் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று லகுளீசுவர பண்டிதரைக் குறிக்கிறது. பஞ்சவன்மாதேவீசுவரத்திலும் மடத்தலைவராக அதே பெயர் வருகிறது. தொண்டைமானாட்டில் விழாக்கால உணவுக்கு ஏற்பாடு செய்த பராந்தகன் காலக் கல்வெட்டு மகாவிரதியரையும் சேர்த்துக்கொள்கிறது. பாசுபதம், காளாமுகம், மகாவிரதம் என்று போகும் இந்தச் சைவ மரபுகள் சாம்பலையும் சுடலையையும் அஞ்சாதவை. சாவுத் தீட்டைப் பொருட்படுத்தாத துறவியரிடம் இக்கோயில்களை ஒப்படைத்ததில் நடைமுறை அறிவு இருக்கிறது. கட்டடம் சொல்லாமல் விட்ட செய்தியை, அங்கே பூசையும் மடமும் யார் கையில் இருந்தன என்பது சொல்லிவிடுகிறது.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோழர் காலத்தில் ஒரு கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று இரவும் பகலும் எரிய 96 ஆடுகள், சில இடங்களில் 90, தானமாகக் கொடுப்பார்கள். ஆடுகள் கோயிலில் நிற்பதில்லை. இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொள்வார்கள்; ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்பதும் உண்டு. கல்வெட்டு இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. எந்த ஆடும் சாகாமலோ மூக்காமலோ இருந்ததில்லை. கிழடு போக, குட்டி அந்த இடத்துக்கு வர, எண்ணிக்கை குறையாது. நூறு ஆண்டு கழித்து அதே 96 நிற்கும். தானம் கொடுத்த நாளில் மேய்ந்த ஆடு ஒன்றுகூட அதில் இராது. வடமொழித் தத்துவம் எதுவும் தேவைப்படாமல், ஒரு கணக்கு ஏற்பாட்டின் வழியாக, சாவுக்குள்ளிருந்தே சாவாமையை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பள்ளிப்படையின் குறியீடு எங்கே என்று கேட்டால் சிகரத்தைக் காட்டமாட்டேன், இந்த மந்தையைக் காட்டுவேன்.

இந்த எண்ணத்துக்கு வேர் இன்னும் கீழே இருக்கிறது. கொல்லிமலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் வரிசையாக உள்ளன. நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, ஒரு பக்கக் கல்லில் வட்டமாக இடுதுளை விட்டிருப்பார்கள். ஊரார் இவற்றைச் சுடுகாடு என்று சொல்வதில்லை. மோரியர் வீடு, பாண்டவர் வீடு என்பார்கள். முன்பு குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகள் என்றொரு கதையும் உண்டு. தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் பலவற்றுக்கும் இதே போல மூன்று பலகையும் மேல்மூடியும் கொண்ட சிறு அறை உண்டு. நடுகல்லுக்குக் கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அதில் கல்லை நீரில் இடும் நீர்ப்படையும் சிறப்புச் செய்யும் பெரும்படையும் அடங்கும். வீரனுக்கு நட்ட கல், கல்லைச் சுற்றி ஓர் அறை, அறைக்கு முன் படையல். பள்ளிப்படைக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இங்கேயே வந்துவிட்டன. சோழர் செய்தது, உருவம் பொறித்த கல்லின் இடத்தில் லிங்கத்தையும், மூன்று பலகையின் இடத்தில் ஆறு உறுப்பு விமானத்தையும் வைத்ததுதான்.

பிற்காலத் தொடர்ச்சிக்கும் நல்ல சான்று உண்டு. பாண்டியர் பகுதியில் திருச்சுழிக்கு அருகே பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்னும் பள்ளிப்படை இருக்கிறது. அந்தத் திருச்சுழியில் 1879இல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவருடைய தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று திருவண்ணாமலையில் மறைந்தபோது, உடலை எரிக்காமல் சமாதி வைத்து மேலே லிங்கம் நிறுவினார்கள். பின்னர் அங்கே கற்கோயில் எழுந்து 1949இல் குடமுழுக்கு நடந்தது. இறைவன் பெயர் மாத்ருபூதேசுவரர். பஞ்சவன்மாதேவீசுவரத்துக்கும் இதற்கும் நடுவே 900 ஆண்டுகளுக்கு மேல். பெயர் சூட்டும் முறை மாறவில்லை, தாய் தெய்வத்தின் பெயருக்குள் போய்விட்டார். 1950இல் ரமணர் மறைந்தபோது அவர் சமாதி மேலும் லிங்கமே அமைந்தது. மேற்பாடியில் அரச குடும்பம் செய்ததை இங்கே துறவியின் அடியார்கள் செய்தார்கள்.

இந்த முறையில் ஒரு பெரிய இடர்ப்பாடும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சாவைக் கட்டடத்தில் காட்டாமல் எழுத்திலும் பெயரிலும் பூசையிலும் வைத்ததால், அவை மாறினால் நினைவும் போய்விடுகிறது. மேற்பாடியில் அரிஞ்சயன் பெயர் வழக்கிலிருந்து நழுவி, சோழீசுவரம் என்ற பொதுப் பெயர் வந்துவிட்டது. பள்ளிமடத்தில் இறைவன் இன்று காளைநாதர். சுந்தரபாண்டியன் ஊர்ப் பேச்சில் இல்லை. பழவேற்காட்டு எலும்புக்கூட்டை எவரும் வேறொன்றாக நினைத்துவிட முடியாது. வாழவந்திக் கல்லறைகளும் யாருடையவை என்று மலைமக்களுக்குத் தெரியும். ஆனால் பள்ளிப்படைக்குள் நின்று கும்பிடுகிறவர்களில் பலருக்கு அது யாருக்காக எழுந்த கோயில் என்று சொல்ல ஆளில்லை. ஈசுவரத்துக்குள் இறந்தவர் முழுவதும் கரைய வேண்டும் என்பதுதான் கட்டியவர்களின் எண்ணம் என்றால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம் என்று சிலர் வாதிடக்கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. கரையத்தான் வேண்டும் என்றால், யாருக்குப் பள்ளிப்படையாக யார் எடுப்பித்தது என்று கல்லில் வெட்டியிருக்கமாட்டார்கள்.

அந்த எழுத்துகள் பெரும்பாலும் இருப்பது தாங்குதளத்தில், தரையை ஒட்டிய ஜகதியிலும் குமுதத்திலும், சுவரிலும். திருப்பணி நடக்கும்போது முதலில் அடிபடுவதும் அந்தப் பகுதிகளே. பிராகாரத்துக்குத் தளம் போட்டு உயர்த்தினால் ஜகதி மண்ணுக்குள் போகும். மணல் வீச்சில் சுவரைச் சுத்தம் செய்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கும். வண்ணம் அடித்தால் குழி நிரம்பும். மற்றக் கோயில்களில் இதனால் ஒரு தானக் கணக்கு போகும்; அதுவும் இழப்புதான். பள்ளிப்படையில் கோயிலின் அடையாளமே போய்விடுகிறது. மேற்பாடிக் கல்வெட்டுகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் படியெடுத்து, கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்சு தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சிட்டார். அதனால்தான் ஆற்றூர்த் துஞ்சின தேவர் பெயரை இன்று நம்மால் சொல்ல முடிகிறது. படியெடுத்தும் அச்சேறாத கல்வெட்டுகள் இன்னும் எத்தனையோ காத்திருக்கின்றன. அவற்றை வெளியிடுவதும், இதுவரை தெரிந்த பள்ளிப்படைகளின் வாசலில் தமிழில் நான்கு வரி எழுதி வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. அந்தப் பலகையில் முதல் வரியாகக் கோயிலின் பழைய பெயர் இருக்க வேண்டும்.